ஃபோன் விடாமல் பிடித்துக்கொள்ளும் எக்ஸ்டெண்டர்: மாடி வைஃபையோடு இரண்டு வருடம்

ரூட்டரின் சிக்னலை வாங்கித் தூரத்துக்குத் திரும்பப் பரப்பும் பெட்டிதான் வைஃபை எக்ஸ்டெண்டர். சுவரில் செருகும் 1200 வகை (இரண்டு அலைவரிசை வேகத்தையும் கூட்டிப் போடும் எண்) எக்ஸ்டெண்டர்களின் விலை இறங்கியிருக்கிறது. மாடிக்கு சிக்னல் எட்டவில்லை, ஒன்று வாங்கிப் போடலாமா என்று நண்பர் கேட்டார். அதே வகை எக்ஸ்டெண்டர் இங்கே இரண்டு வருடமாக ஓடுகிறது. கீழே ஹாலில் ஃபைபர் ரூட்டர், நடுவில் காங்கிரீட் தளம், மேலே இரண்டு அறைகள், 200 எம்பிபிஎஸ் பிளான். பெட்டியில் அச்சடித்திருக்கும் விவரங்களை விட்டுவிட்டு, பெட்டியில் இல்லாததை எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். கருவி ஒருநாளும் படுக்கவில்லை. கோடையில் தொட்டால் சுடுகிறது, ஆனால் தொங்குவதில்லை. டபிள்யூபிஎஸ் பட்டனை (பாஸ்வேர்டு அடிக்காமல் இணைக்கும் பட்டன்) ரூட்டரில் ஒருமுறை, இதில் ஒருமுறை அமுக்கினால் இரண்டு நிமிடத்தில் இணைந்துவிடும். இடத்தை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிக்னல் இல்லாத அறையில் செருகினால் அது எதை வாங்கி எதைக் கொடுக்கும்? ரூட்டரின் சிக்னல் இன்னும் நன்றாகக் கிடைக்கும் கடைசி இடம்தான் அதற்கான இடம். மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு ஸ்விட்ச் போர்டு இருந்தால் அதிர்ஷ்டம். ஃபோனில் அளந்தால் அங்கே -60 முதல் -65 டிபிஎம் வரை காட்ட வேண்டும் (டிபிஎம் சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க பலம் கூடுதல்). -70-ஐத் தாண்டிவிட்டால் கீழே இறங்கி வாருங்கள்.

அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஆண்ட்ராய்டு 9-லிருந்து, திரையில் திறந்திருக்கும் ஆப்கூட இரண்டு நிமிடத்துக்கு நான்கு முறைதான் வைஃபையை ஸ்கேன் செய்யலாம். அதனால் அனலைசர் ஆப்பைத் திறந்துகொண்டு மாடி ஏறினால், மேலே போய்ச் சேர்ந்த பிறகும் கீழ்ப்படியின் எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். பில்டு நம்பரை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, அதில் வைஃபை ஸ்கேன் த்ராட்டிலிங்கை (இந்தக் கட்டுப்பாட்டை) அணைத்துவிட்டு அளந்தால்தான் அது உண்மையான அளவு. பல ஃபோன்களில் பெரிய அப்டேட் வந்த பிறகு இந்த அமைப்பு பழைய நிலைக்குப் போய்விடுகிறது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். இரண்டு வருடமாக மாறாத ஒரே எரிச்சல். மாடியில் எக்ஸ்டெண்டரைப் பிடித்த ஃபோன், கீழே ரூட்டருக்கு எதிரில் வந்து உட்கார்ந்த பிறகும் அதை விடுவதில்லை. இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்தாலும் இதே கதைதான். எந்தப் பெட்டியோடு இணைவது என்பதை முடிவு செய்வது ஃபோன். ரூட்டரோ எக்ஸ்டெண்டரோ அல்ல. ஐஃபோன் தற்போதைய சிக்னல் -70 டிபிஎம்முக்குக் கீழே போகும்வரை வேறு பெட்டியைத் தேடவே தேடாது. தேடினாலும், புதியது குறைந்தது 8 டிபி கூடுதலாக இருந்தால்தான் தாவும். படிக்கட்டில் இருக்கும் எக்ஸ்டெண்டர் ஹால் சோபாவில் -66 என்று தெரிகிறது. தாவ வேண்டிய காரணமே ஃபோனுக்குக் கிடைப்பதில்லை. நான்கு அடி தள்ளி ரூட்டர் இருக்க, வீடியோ கால் மாடியைச் சுற்றிக்கொண்டு போகிறது.

அந்தச் சுற்றுக்குக் கொடுக்கும் விலை பாதி வேகம். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். எக்ஸ்டெண்டர் ஒரு பாக்கெட்டை ரூட்டரிடமிருந்து கேட்டு, பிறகு அதே சேனலில் உங்களுக்குத் திரும்பச் சொல்கிறது. ஒரே செய்தி காற்றில் இரண்டு முறை போகிறது. கீழே 190 காட்டும் ஸ்பீட் டெஸ்ட், எக்ஸ்டெண்டர் வழியாக 80-ஐத் தொட்டாலே பெரிது. ரூட்டரோடு 5 ஜிகாஹெர்ட்ஸ், ஃபோனோடு 2.4 என்று பிரித்து வைத்தால் இந்தப் பாதிக்கணக்கு போய்விடும். ஆனால் 2.4-ல் பக்கத்து வீட்டு ரூட்டர்கள் எல்லாம் நெரிசலாக நிற்பதால், கையில் வருவது 40, 50தான்.

கரண்ட் போய் வரும்போது இன்னொரு தொல்லை. எக்ஸ்டெண்டர் ஒரு நிமிடத்துக்குள் எழுந்து தன் பெயரைப் பரப்ப ஆரம்பிக்கிறது. ஃபைபர் ரூட்டருக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். 5 ஜிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ரூட்டர் இருந்தால் இன்னும் தாமதம். அங்கே ரேடார் இருக்கிறதா என்று குறைந்தது 60 விநாடி கேட்ட பிறகே அது பேச வேண்டும் என்பது விதி. அதற்குள் ஃபோன் எக்ஸ்டெண்டரைப் பிடித்து, இன்டர்நெட் இல்லை என்று பார்த்து, மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். ரூட்டரை 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸில் போட்டுத் தப்பிக்கலாம். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா, பின்னின் நடுமுனை ப்ளஸ்ஸா என்று பார்த்து வாங்க வேண்டும். எக்ஸ்டெண்டருக்கு அந்த வழியும் இல்லை. நேராகச் சுவரில் செருகுவது, டிசி துளையே கிடையாது. வீட்டில் இன்வெர்ட்டர் இல்லையென்றால் கரண்ட் போனதும் மாடி இருட்டு.

ஃபோன் அப்டேட்டுகள் அடிபடுவதும் இங்கேதான். மாதாந்திர பாதுகாப்பு அப்டேட் சில நூறு எம்பி, பெரிய பதிப்பு என்றால் 2, 3 ஜிபி. வைஃபையில் மட்டும் இறக்கு என்று வைத்திருந்தால், சிக்னல் நொண்டும்போதெல்லாம் இறக்கம் நிற்கும், தொடரும், நிற்கும். அப்டேட்டில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை இறக்கிப் பாருங்கள். அப்டேட் முடிந்த மறுநாள் "வைஃபை சரியில்லை" என்று தோன்றினால் இரண்டு அமைப்புகளைப் பார்க்க வேண்டும். ஒன்று, சிக்னல் மோசமானால் தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறும் வசதி. மற்றொன்று மேக் முகவரி, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண். 2019-ல் ஆண்ட்ராய்டு 10-ம், 2020-ல் ஐஓஎஸ் 14-ம் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு கற்பனை மேக் முகவரியைக் காட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தன. ரூட்டரில் மேக் ஃபில்டர் போட்டு, தெரிந்த முகவரிகளை மட்டும் அனுமதித்தவர்கள், பிள்ளைகளின் ஃபோனுக்கு நேரக் கட்டுப்பாடு வைத்தவர்கள் எல்லாம் அப்போது திகைத்துப்போனார்கள். எக்ஸ்டெண்டர் நடுவில் வந்தால் குழப்பம் இரட்டிக்கிறது. பல எக்ஸ்டெண்டர்கள் ஃபோனின் முகவரியை மறைத்துத் தங்கள் முகவரியைத்தான் ரூட்டருக்குக் காட்டும். வீட்டு வைஃபைக்கு மட்டும் ஃபோனில் இந்தக் கற்பனை முகவரியை அணைத்துவிடுங்கள். மேக் ஃபில்டரை நம்புவதை அதோடு நிறுத்திவிடுங்கள். பாஸ்வேர்டு நீளமாக இருந்தால் போதும்.

இத்தனைக்கும் பிறகு எதிர்பாராத சந்தோஷம் ஒன்று கிடைத்தது. எக்ஸ்டெண்டரின் அடியில் இருக்கும் சின்ன லேன் போர்ட், அதாவது நெட்வொர்க் கேபிள் செருகும் துளை. கீழிருந்து ஒரு கேட்-6 நெட்வொர்க் கேபிள் இழுத்து அதில் செருகி, அட்மின் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் நிலை) மாற்றியதும் கருவி வேறு பிறவி எடுத்தது. காற்றில் இரண்டு முறை பேசும் வேலை போய்விட்டது. கேபிள் மாடி அறைவரை வருவதால் பெட்டியும் படிக்கட்டை விட்டு அறைக்குப் போகலாம். அப்போது ஹாலுக்கு அதன் சிக்னல் மெலிந்துதான் வரும், ஃபோனும் ஒழுங்காகத் தாவும். இன்னும் பிடிவாதம் பிடித்தால் டிரான்ஸ்மிட் பவரை மீடியத்துக்குக் குறையுங்கள். பவரைக் கூட்டுவதில் பலன் இல்லை. பெட்டி கத்துவது ஃபோனுக்குக் கேட்கும், ஃபோனின் மெல்லிய பதில் பெட்டிக்குக் கேட்காது.

கேபிள் இழுக்க, பழைய கேபிள் டிவி ஒயர் போன துளை பல வீடுகளில் சும்மா இருக்கிறது. கேபிளின் தடிமன் சுமார் 6 மில்லிமீட்டர், ஆனால் முனையில் உள்ள பிளக் 12 மில்லிமீட்டர் அகலம். அதனால் வெறும் கேபிளை நுழைத்துவிட்டு மறுபக்கம் பிளக்கை கிரிம்ப் செய்யுங்கள் (கருவியால் அழுத்திப் பொருத்துவது). நிற வரிசை இரு முனையிலும் ஒன்றே: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு பூசிய கேபிள் முனைகளில் ஒடிகிறது. கரண்ட் ஒயர் போகும் பைப்பில் சேர்த்து இழுக்க வேண்டாம். ஸ்பீட் டெஸ்ட் எத்தனை முறை போட்டாலும் 94-ல் நிற்கிறதா? ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலம் அல்லது பழுப்பு ஜோடி சரியாகக் கடிக்கவில்லை என்றால் இணைப்பு 100-க்கு இறங்கிவிடும். கிரிம்ப்பைத் திரும்பச் செய்து பார்த்தும் மாறவில்லை. காரணம் போர்ட்டில் இருந்தது. விலை குறைந்த எக்ஸ்டெண்டர்கள் பலவற்றில் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். இதிலும் அப்படித்தான்.

அதனால் நண்பருக்குச் சொன்ன பதில்: வாங்காதீர்கள். கருவி நல்ல கருவி, ஆனாலும் வாங்காதீர்கள். பரணில் கிடக்கும் பழைய ரூட்டரில் ஜிகாபிட் போர்ட் இருந்தால் இதே வேலையை அது காசில்லாமல், இதைவிட நன்றாகச் செய்யும். பின்னால் உள்ள சிறு துளையில் ஒரு ஊசியால் பத்து விநாடி அழுத்தி ரீசெட் செய்யுங்கள். அதன் ஐபியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். முக்கிய ரூட்டர் 192.168.1.1 என்று வைத்துச் சொல்கிறேன், இந்த 2 அதன் டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக ஐபி எண் தரும் வசதி) வரம்புக்கு வெளியே இருக்க வேண்டும். பழைய ரூட்டரில் டிஎச்சிபியை அணையுங்கள். வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றும் கீழே உள்ளபடியே. சேனல் மட்டும் வேறு: கீழே 1, மேலே 11, 5 ஜிகாஹெர்ட்ஸில் கீழே 36, மேலே 149. கேபிளை இரண்டு பக்கமும் லேன் போர்ட்டிலேயே செருகுங்கள். வேன் போர்ட்டில் (இன்டர்நெட் இணைப்பு வரும் துளை) செருகினால் மேலே தனி நெட்வொர்க் உருவாகி, கீழே உள்ள ஃபோனிலிருந்து மாடி டிவிக்கு காஸ்ட் செய்ய முடியாமல் போகும்.

கேபிள் இழுக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்கிற வாடகை வீடு என்றால் எக்ஸ்டெண்டரே கதி. அப்போது ஜிகாபிட் போர்ட் உள்ளதாகப் பாருங்கள், அடுத்த வீட்டுக்குப் போனால் கேபிளோடு ஓடும். வாங்கியதும், எக்ஸ்டெண்டரின் வைஃபைக்குத் தனிப் பெயர் வைத்து, ஹாலுக்கு வரும்போது ஃபோனில் கையால் மாற்றிக்கொள்ளுங்கள்.