சிரிலா, கல்செதோனா? கெத்சமனியில் வைத்துப் பார்ப்போம்

கிறிஸ்து முழுக் கடவுள் அல்ல என்ற ஆரியுஸ், அவருக்கு மனித அறிவு இல்லை என்ற அப்போலினாரிஸ், இந்த இருவர் வழக்குகளும் 381-க்குள் தீர்ந்தன என்று வைத்துக்கொள்வோம். கிறிஸ்து முழுக் கடவுள், முழு மனிதர். இரண்டும் அவரில் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதில்தான் மூன்று கட்சிகள்: நெஸ்தோரியு, சிரில், கல்செதோன் சங்கம் (ஆயர்களின் பொதுப் பேரவை).

கான்ஸ்தாந்திநோபிள் ஆயர் நெஸ்தோரியுவின் கட்சியைச் சீக்கிரம் கடந்துவிடலாம். மரியாவைக் 'கடவுளின் தாய்' என்னத் தயங்கி, 'கிறிஸ்துவின் தாய்' என்றார். பசியும் சாவும் கடவுளியல்பின்மேல் ஏறக்கூடாது என்பது அவர் கவலை. ஆனால் சிலுவையில் இறந்தவர் யார் என்று கேட்டால், ஒரே ஆளைக் கைகாட்ட முடியாமல் திணற வேண்டியிருக்கிறது. 431-இல் எபேசு சங்கம் அவரைத் தள்ளியது. (நெஸ்தோரியு பக்கம் நின்ற அந்தியோக்கியா ஆயர் யோவான் வந்துசேருமுன் அலெக்சாந்திரியா ஆயர் சிரில் தீர்ப்பை முடித்தது முறையல்ல. வாதத்தில் வென்றது சிரில்தான்.)

சிரிலின் பதில் நேரடியானது: கடவுளின் மகனாகிய வார்த்தையானவரே பிறந்தார், அவரே உடலில் பாடுபட்டார். கோளாறு 'மனுவுருவான கடவுள் வார்த்தையின் ஒரே இயல்பு' என்ற வாய்பாட்டில். முந்தைய அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுவுடையது என்று அவர் நம்பிய அது, அப்போலினாரிஸ் வட்டாரத்துச் சரக்கு. 448-இல் துறவி யூத்திகஸ், சேர்க்கைக்கு முன் இரண்டு இயல்பு, பின் ஒன்றே என்று சாதித்தது இதை வைத்துத்தான்.

451-இல் கல்செதோனில் முதல் வரைவு 'இரண்டு இயல்புகளிலிருந்து' என்றிருந்தது. அதை, யூத்திகசை ஆதரித்த அலெக்சாந்திரியா ஆயர் தியோஸ்கோருவும் ஏற்பார் என்பதே சிக்கல். திருத்தந்தை லியோவின் தூதர்கள் ஊர் திரும்புவோம் என்று மிரட்டியபின் 'இரண்டு இயல்புகளில்' என்றானது. கூடவே நான்கு வேலிகள்: குழப்பமின்றி, மாற்றமின்றி, பிரிவின்றி, பிளவின்றி. முதலிரண்டும் யூத்திகசுக்கு, மற்றவை நெஸ்தோரியுவுக்கு.

என் சாய்வு கல்செதோன் பக்கம். காரணம் கெத்சமனி, கைதாகுமுன் இயேசு வேண்டிய தோட்டம். 'என் விருப்பம் அல்ல, உம் விருப்பமே' என்ற வேண்டலில் அந்த 'என் விருப்பம்' எங்கே இருந்தது? ஒரே விருப்பம்தான் என்று 638-இல் பேரரசர் எராக்ளியுஸ் ஆணையே போட்டார். துறவி மாக்சிமுஸ் மறுத்தார்: விருப்பம் ஆளுக்குரியதானால் மூவொரு கடவுளில் மூன்று விருப்பம் வந்துவிடும், ஆகவே அது இயல்புக்குரியது, இரண்டு இயல்பு உள்ளவருக்கு விருப்பமும் இரண்டு. மனித விருப்பத்தை எடுத்துவிட்டால், மனித அறிவை எடுத்த அப்போலினாரிசிடமே திரும்புகிறோம். 681-இல் கான்ஸ்தாந்திநோபிள் சங்கம் இதை ஏற்றது. இந்தக் கணக்குப் போட, இயல்பையும் ஆளையும் கல்செதோன் பிரித்து வைத்திருக்க வேண்டியிருந்தது.

கல்செதோனுக்கும் பழுதுபார்ப்பு தேவைப்பட்டது. பாடுபட்டவர் மூவொரு கடவுளில் ஒருவரே என்று அழுத்திச் சொல்ல 553-இல் கூடிய சங்கம் வரை ஆயிற்று. சிரில் அதை முன்பே சொல்லியாயிற்று. கல்செதோனை ஏற்காத அந்தியோக்கியா ஆயர் செவேருசின் வழிவந்தவர்களை யூத்திகசோடு சேர்ப்பதும் தவறு: அவர்களும் யூத்திகசைச் சபிக்கிறார்கள். அந்தப் பிளவுக்குச் சொல்லாட்சி, பண்பாட்டு வேறுபாடுகளே காரணம் என்று 1984-இல் இரண்டாம் யோவான் பவுலும் சிரிய ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தை முதலாம் சாக்காவும் கூட்டாகக் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.