உபுண்டு 20.04-லிருந்து 22.04: அப்கிரேடு கருவியை நம்பலாமா?

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் சர்வரில் 'டூ-ரிலீஸ்-அப்கிரேட்' என்று ஒரு கட்டளை அடித்தால் போதும், 20.04 பதிப்பை 22.04 ஆக்கிக் கொடுத்துவிடும். 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டதால், இன்னும் அதிலேயே இணையதளம் நடத்துபவர்கள் இந்தப் பக்கம் வந்துதான் ஆக வேண்டும். என் கருத்து: இயங்குதளத்தை அழகாக மாற்றும், அதற்கப்புறம் உங்கள் தளம் திறக்குமா என்று எட்டிக்கூடப் பார்க்காது. ஐந்துக்கு மூன்றரை.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) மூலமாக ஓட்டினால் 'ஸ்க்ரீன்' என்ற நிரலுக்குள் ஓடுகிறது, அதனால் நடுவில் இணையம் போனாலும் வேலை நிற்காது. அவசரத்துக்கு 1022 போர்ட்டில் இன்னொரு எஸ்எஸ்எச்சையும் தொடங்கி வைக்கும், ஆனால் ஃபயர்வாலில் அதைத் திறந்துவிடுவது உங்கள் பொறுப்பு (பலர் அந்த எச்சரிக்கையைப் படிக்காமலேயே என்டர் தட்டிவிடுகிறார்கள்). நீங்கள் கைவைத்த கான்ஃபிக் (அமைப்பு) கோப்புகளைக் கேட்காமல் மாற்றாது.

சிக்கலும் அங்கேயேதான் இருக்கிறது. தளத்தின் நிரலை ஓட்டும் பிஎச்பி மொழி 20.04-ல் 7.4, 22.04-ல் 8.1. வருகிறவர்களுக்குப் பக்கங்களைக் கொடுக்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் பிஎச்பியோடு பேசுவது ஒரு சாக்கெட் கோப்பு (இரண்டு நிரல்களை இணைக்கும் வாசல்) வழியாக, அந்தக் கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கிறது. உங்கள் பழைய கான்ஃபிக் பத்திரமாக இருப்பதால் அது இன்னும் 7.4 சாக்கெட்டையே தேடிக்கொண்டிருக்கும், கடைசியில் பழைய பேக்கேஜ்களை நீக்கட்டுமா என்ற கேள்விக்கு ஆமாம் சொல்லியிருந்தால் அந்த 7.4 சர்வரிலேயே இருக்காது, ஆக வருகிறவர்களுக்கெல்லாம் 502 பிழைதான் (பின்னால் இருக்கும் பிஎச்பியிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்று அர்த்தம்). இதில் எரிச்சல் என்னவென்றால் 'என்ஜின்எக்ஸ் -டி' போட்டுப் பார்த்தால் எல்லாம் சரி என்றுதான் வரும், ஏனென்றால் அது முக்கியமாகக் கான்ஃபிக் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறது, சாக்கெட் உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. எரர் லாக்கின் கடைசி வரியைப் பாருங்கள். பிழை எண் 2 என்றால் சாக்கெட் கோப்பே இல்லை, 13 என்றால் அனுமதிச் சிக்கல், 111 என்றால் அந்தப் பக்கம் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. 2 வந்தால் தளத்தின் கான்ஃபிக்கில் 7.4 என்பதை 8.1 ஆக்கி ரீலோடு செய்தால் முடிந்தது, 8.1 எஃப்பிஎம் (பிஎச்பியைப் பின்னணியில் ஓட்டும் சேவை) நிறுவப்பட்டு ஓடிக்கொண்டிருந்தால். பதிப்பு எண் போட்ட பேக்கேஜ்களாகப் பார்த்து நிறுவியவர்களுக்குப் புதியது தானாக வராமல் போகலாம், மைஎஸ்கியூஎல் தரவுத்தள இணைப்பு உட்பட ஒவ்வொன்றாகப் போட வேண்டியிருக்கும்.

502 போய் 500 வந்தால் சந்தோஷப்படுங்கள், அது முன்னேற்றம்தான்! என்ஜின்எக்ஸ் பிஎச்பியை எட்டிவிட்டது, இனி கோளாறு பெரும்பாலும் உங்கள் நிரலில்: பிஎச்பி 8.0-ல் 'ஈச்', 'கிரியேட் ஃபங்ஷன்' என்ற பழைய செயற்கூறுகள் இரண்டையும் தூக்கிவிட்டார்கள், பழைய செருகுநிரல்கள் அங்கேதான் விழும்.

வெளியிலிருந்து சேர்த்த பிபிஏக்களையும் (உபுண்டுவின் சொந்தப் பட்டியலில் இல்லாத பேக்கேஜ் களஞ்சியங்கள்) இந்தக் கருவி அணைத்துவிடும், அப்புறம் நீங்களே திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு சிறிய தளம், முன்கூட்டியே ஸ்னாப்ஷாட் (சர்வரின் முழு நகல்) எடுத்தாயிற்று என்றால் தாராளமாக ஓட்டலாம். பல தளங்கள் இருந்தால் புதிதாக ஒரு 24.04 சர்வர் எழுப்பி அங்கே மாற்றுவதுதான் எனக்குப் பிடித்த வழி. 20.04-லிருந்து இந்தக் கருவி நேராக 24.04-க்குத் தாவாது, 22.04 வழியாகத்தான் போகும். 24.04-ல் பிஎச்பி 8.3 என்பதால் அதே சாக்கெட் வரியை இரண்டு முறை திருத்த வேண்டிவரும்.