பிக்கப்பில் எஞ்சின் லைட் எரிந்ததற்கு 38,500 ரூபாய் பறிகொடுத்தேன்

நேற்று இரவே எழுத உட்கார்ந்தேன், கை நடுங்கியதால் முடியவில்லை. 38,500 ரூபாய். கேரளாவில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட் போய் காய்கறி ஏற்றி வருகிற ஒற்றை வண்டியை வைத்துப் பிழைக்கிறவன் நான். அது எத்தனை நடை வாடகை என்று லோடு அடிக்கிறவர்களுக்குத் தெரியும்.

வண்டி 2018 மாடல் பெட்ரோல் பிக்கப், புகைக் கட்டுப்பாட்டில் பிஎஸ்-4 தரம். போன மாதம் கோபாலபுரம் தாண்டும்போது செக் எஞ்சின் லைட் எரிந்தது. இழுவையில் குறையில்லை, மைலேஜும் அப்படியே. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் அடியில் டிக் டிக்கென்று ஒரு சத்தம் வரும், எஞ்சின் சூடானதும் அடங்கிவிடும். அந்தச் சத்தத்தைத்தான் ஒர்க்‌ஷாப்பில் முதலில் சொன்னேன்.

போனது பொள்ளாச்சிப் பக்கம், எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கிற பெரிய ஒர்க்‌ஷாப். கண்ணாடி போட்ட ஆபீஸ், லேப்டாப், யூனிஃபார்ம் போட்ட பையன்கள். எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் ஸ்கேனர் இல்லையே என்றுதான் அங்கே போனேன். முதலாளி நல்ல மரியாதை. "உட்காருங்ணா, டீ சாப்பிடுங்க" என்றார். என் கே.எல். நம்பரைப் பார்த்துவிட்டு, "எங்க சித்தியும் சித்தூர்லதானுங்க இருக்காங்க, நீங்க நம்மாளு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். லேப்டாப்பைத் திருப்பி பி0420 என்ற எரர் கோடை (code) காட்டினார். "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் செத்துப்போச்சுங்ணா. இப்படியே ஓட்டினா அடைச்சுக்கிட்டு எஞ்சினே போயிரும். ஒரிஜினல் மாத்தித் தர்றேன், வேற யாருக்கும் இந்த ரேட் இல்ல." சைலன்சர் குழாயில் புகையின் நச்சைக் குறைக்கிற பாகம்தான் இந்தக் கன்வெர்ட்டர்.

சீட்டுப் பணம் இருபதாயிரம், மச்சானிடம் கைமாற்று மீதி. அங்கேயே நின்று 38,500 ரூபாயை ஜிபேயில் போட்டேன். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தான் கூட வரும்" என்றார். அதையும் நம்பினேன்.

சாயங்காலம் லைட் இல்லாமல் வண்டி வந்தது. நான்காம் நாள் மறுபடி எரிந்தது. போன் செய்தேன். "புது பார்ட்டு செட்டாகணுமுங்க, பத்து நாள் ஓட்டுங்க." பத்து நாள் ஓட்டினேன். அப்புறம், "நீங்க போடற பெட்ரோல் சரியில்ல." அப்புறம், முதலாளி கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். அப்புறம் போனே எடுக்கவில்லை, வாட்ஸாப்பில் நீல டிக் மட்டும் விழுந்தது. ஒரு நாள் லோடை விட்டுவிட்டு நேரிலேயே போய் நின்றேன். முகம் மாறிவிட்டது. வண்டியை ஒரு பகல் வைத்திருந்து, லைட்டை அணைத்துக் கொடுத்தார்கள். என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "சாஃப்ட்வேர் அப்டேட்."

சரி, முடிந்தது என்றுதான் இருந்தேன். போன வாரம் புகை டெஸ்டுக்குப் போனால் வண்டி ஃபெயில். பிஎஸ்-4 பெட்ரோல் வண்டிக்கு ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். என் வண்டியில் ஒன்றைத் தாண்டியது. இதே வண்டி பழைய கன்வெர்ட்டரோடு போன தடவை ஒரே சோதனையில் பாஸானது.

அதன்பிறகுதான் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லி, சைலன்சர் வாயில் ஈரத்துணியை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்தினார். மேலே எஞ்சினோடு புகைக்குழாய் சேருகிற மேனிஃபோல்ட் பேக்கிங் பக்கம் புஸ்ஸென்று காற்று வந்தது, சுற்றிலும் கரி படிந்திருந்தது. நான் சொன்ன டிக் டிக் அதுதான். அந்த லீக் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபட்டால், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கிற ஆக்சிஜன் சென்சார் தப்பாகக் காட்டும், அதனாலேயே இந்தக் கோடு வரலாம் என்றார். பேக்கிங் 450 ரூபாய்.

பிறகு அடியில் படுத்துப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சாரைக் குழாயில் நேராக மாட்டாமல், நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டை முடுக்கி வெளியே தள்ளி வைத்திருந்தார்கள். சென்சாருக்குப் புகை சரியாகப் படாது, கம்ப்யூட்டரும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். அவர்கள் சொன்ன சாஃப்ட்வேர் அப்டேட் இதுதான். கன்வெர்ட்டரைக் கழற்றி டார்ச் அடித்தோம். உள்ளே தேன்கூடு மாதிரி அடை இருக்க வேண்டும். இந்தப் பக்கம் அடித்த வெளிச்சம் அந்தப் பக்கம் தெரிந்தது. வெறும் டப்பா. அதற்குத்தான் 38,500 ரூபாய்.

பழைய கன்வெர்ட்டர் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்ததா என்று இனி சோதிக்கவும் வழியில்லை. கேட்டதற்கு, "ஸ்கிராப்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது, அதை எடை போட்டு வாங்க ஆள் இருக்கிறார்கள் என்று மெக்கானிக் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் பொருளையும் எடுத்துக்கொண்டு, என்னிடமே 38,500 ரூபாயும் வாங்கியிருக்கிறார்கள்.

நேற்று டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். "நாங்க போட்டதுதான்னு என்ன ஆதாரம்? கேஸ் போடணும்னா போட்டுக்கோ, நீ கேரளாக்காரன், இங்க வந்து எத்தனை நாள் அலைவே?" என்றார். சித்தி ஊர்க்காரன் ஒரே மாதத்தில் கேரளாக்காரன் ஆகிவிட்டேன். ஆனால் அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற இடத்திலேயே, பாலக்காடு மாவட்ட ஆணையத்தில், புகார் கொடுக்கலாம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. சொந்தப் பிழைப்புக்கு ஓட்டுகிற வண்டி என்பதால் வியாபாரம் என்று சொல்லித் தள்ளவும் முடியாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு காலையிலேயே போன் செய்து பதிந்துவிட்டேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பி0420 வந்தால் கன்வெர்ட்டர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, முதலில் லீக் பாருங்கள். ஓடுகிற எஞ்சினில் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு சென்சார் ரீடிங்கையும் காட்டச் சொல்லுங்கள்: சூடான பிறகு முன்னால் உள்ளது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், பின்னால் உள்ளது ஏறக்குறைய நிலையாக நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றாக ஆடினால் மட்டும் கன்வெர்ட்டர் மேல் சந்தேகப்படுங்கள். கழற்றிய பார்ட்டை வாங்காமல் நகராதீர்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஸ்கிராப் கடை வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: என் பழைய கன்வெர்ட்டரில் முன் ஃபிளேஞ்சை (போல்ட் போட்டு இணைக்கிற விளிம்பை) ஒட்டி அரையங்குலத்துக்குப் பித்தளை வெல்டிங் இருக்கும். பார்த்தால் உடனே சொல்லுங்கள். சனிக்கிழமை முதலமடையில் மாங்காய் லோடு ஒத்துக்கொண்டிருக்கிறேன், வண்டி கன்வெர்ட்டர் இல்லாமல் நிற்கிறது.