'ஆக்ஸ்டர்' எங்கே வலிக்கிறது? ஸ்காட்ஸ் அகராதித் தளம், ஒரு நர்ஸின் அனுபவம்

ஸ்காட்லாந்தின் ஆபர்தீனில் வார்டு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பாட்டி ஒருவர் "ஆக்ஸ்டர் வலிக்குது" என்றார். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதிப் பாஸாகி வந்தவள் நான். அது உடம்பில் எந்த இடம் என்றே தெரியவில்லை. பாவம், அவரே கையைத் தூக்கிக் காட்டினார். கம்முக்கட்டு!

கூட வேலை பார்க்கும் பெண் அன்றைக்குச் சொன்ன தளம்தான் 'டிக்‌ஷனரி ஆஃப் த ஸ்காட்ஸ் லாங்குவேஜ்'. ஸ்காட்லாந்தில் பேசும் ஸ்காட்ஸ் மொழிக்கான அகராதி. காசு கிடையாது. இரண்டு பெரிய அச்சு அகராதிகளை 2004-இல் ஒன்றாக இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள்: 1700 வரையிலான சொற்களுக்கு 12 தொகுதி, அதற்குப் பிந்தியவற்றுக்கு 10 தொகுதி. பழையதன் முதல் பகுதி வந்தது 1931-இல், கடைசித் தொகுதி 2002-இல். கல்யாணமாகிப் பேரன் எடுக்கிற காலம்!

எனக்குப் பிடித்தது சொல்லின் பூர்வீகம் தேடுவது. ஆக்ஸ்டர் ஏதோ கொச்சை என்று நினைத்திருந்தேன். பழைய ஆங்கிலத்திலிருந்தே வருகிறதாம். பெரிய பரிமாறும் தட்டுக்கு 'ஆஷெட்', அது பிரெஞ்சு 'அஸியெத்'. இங்கே தினமும் காதில் விழும் 'ட்ரீக்', மூடிக்கொண்டு நசநசக்கும் வானிலைக்கு. ஆனால் நீண்டு இழுத்து அலுப்பூட்டும் எதுவும் ட்ரீக்தான். சர்ச் பிரசங்கத்தையும் அப்படித் திட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எந்த வட்டாரம், எந்த ஆண்டு என்று மேற்கோள் உண்டு.

காதால் கேட்டதைத் தேடுவதுதான் பாடு. ஸ்காட்ஸுக்கு ஒரே எழுத்துமுறை கிடையாது. ஆபர்தீன் பக்கத்து வட்டார வழக்கான டோரிக்கில் ஆங்கில 'வாட்' (என்ன) என்பது 'ஃபிட்' ஆகும், 'வேர்' (எங்கே) என்பது 'ஃபார்' ஆகும். பாதத்துக்கும் 'ஃபிட்' தான். செருப்புக் கடையில் "ஃபிட் ஃபிட் ஃபிட்ஸ் ஃபிட் ஃபிட்?" (எந்தச் செருப்பு எந்தக் காலுக்கு?) என்று கேட்பதாக ஊரில் ஒரு ஜோக்கே இருக்கிறது. அகராதியில் 'ஃபிட்' என்று அடித்துவிட்டு எதைத் திறப்பது? மேற்கோள்களில் வரும் மாவட்டச் சுருக்கெழுத்துகள் பழகவும் எனக்கு ஒரு மாதம் ஆனது.

நோயாளி முன்னால் நின்றுகொண்டு தேட லாயக்கில்லை. வீட்டுக்கு வந்து, டீயோடு உட்கார்ந்து பார்க்கலாம். ஐந்துக்கு நாலு நட்சத்திரம். மிச்சம் ஒன்று யூனிஃபார்ம் பாக்கெட்டில் இருக்கும் என் சின்ன நோட்டுக்கு. நேற்று அதில் ஏறியது 'பீலி-வாலி': முகம் வெளிறி, நோஞ்சானாக.