பில்லிங் சாஃப்ட்வேர் வச்சிருக்க கடைக்காரங்க கொஞ்சம் இத படிங்க

நம்மளது சின்ன எலக்ட்ரிக்கல் கடை, நானும் சம்சாரமும் கூட ஒரு பையனும் தான். மூணு வருஷமா ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் ஓடுது, பேரு சொல்லல, ஏஎம்சி, அதான் வருஷ பராமரிப்பு பணம், ஒரு தடவ கூட லேட்டா கட்டினதில்ல. போன ஜூலை கடைசில காலைல சிஸ்டத்த போட்டா அப்டேட் பண்ணுன்னு நிக்குது, பண்ணாம உள்ளயே விடல, சரின்னு அமுக்கிட்டேன். எலக்ட்ரீஷியனுங்க எல்லாம் சைட்டுக்கு நேரமாச்சுண்ணேன்னு கவுண்டர்ல நிக்கற நேரம், எவன் பில் நம்பர பாப்பான், மூணு நாள் கழிச்சு தான் தெரியுது, ஏப்ரல்ல இருந்து ஆயிரத்து சொச்சம் பில்லு போட்டிருக்கேன், இது திரும்ப 1ல இருந்து ஆரம்பிச்சு போய்க்கிட்டு இருக்கு!

ஒரே நிதியாண்டுல ஒரே நம்பர் ரெண்டு பில்லுக்கு வரக்கூடாது, தெரியும்ல. ஜிஎஸ்டிஆர் 1, அதான் விற்பனை ரிட்டர்ன், ஏத்தறப்ப ஜிஎஸ்டி போர்ட்டல் எடுக்காது. அடுத்த மாசம் 11ம் தேதி தாண்டினா நாளுக்கு 50 ரூபா ஃபைன், அது கூட போகட்டும், நம்மகிட்ட வாங்கற கான்ட்ராக்டருக்கு இன்புட் (பில்லுல கட்டின வரிய அவன் வரில கழிச்சுக்கறது) வராது, "உங்க பில்லு 2பில காட்டலயேண்ணே"ன்னு அவன் கேப்பான் (2பின்னா போர்ட்டல்ல அவனுக்கு வர்ற இன்புட் லிஸ்ட்டு), அடுத்த ஆர்டர் எதிர்த்த கடைக்கு போயிரும்.

சப்போர்ட்டுக்கு போன் நம்பரே கிடையாது, சாட் தான். நான் என்ன அடிச்சாலும் ரீஸ்டார்ட் பண்ணீங்களான்னு ஒரே பதில், மெஷினு போல. டிக்கெட் போட்டேன், ரெண்டாம் நாள் 'சரி செய்யப்பட்டது'ன்னு மெயில் வருது, ஒரு பயலும் என்கிட்ட பேசல. வித்த டீலர் தம்பி "அது கம்பெனி சைடுண்ணே"ன்னுட்டான். பழைய பேக்கப்ப எடுக்கலாம்னு பாத்தா அது அவங்க க்ளவுட்ல இருக்கு, எடுக்கணும்னா பெரிய பிளானுக்கு மாறணுமாம். என் கணக்கு, என் சரக்கு, நான் காசு குடுத்து வாங்கணும்!

இதுக்கு மேல தான் விஷயமே. கடுப்புல பையன் கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடி எடுத்துட்டான். ஒருத்தன் நல்லா தமிழ்ல பேசறான், எனிடெஸ்க் (நம்ம கம்ப்யூட்டர அவன் அங்க இருந்தே பாத்து இயக்கற சாஃப்ட்வேர்) போடுங்க சார், ரெஜிஸ்டருக்கு 10 ரூபா மட்டும் கட்டுங்கன்றான். அவ்ளோ நாள் கழிச்சு ஒரு மனுஷன் பேசறானேன்னு நானும் போட்டுட்டேன். நெட் பேங்கிங் தொறக்க சொன்னப்ப தான் சம்சாரம் வயர புடுங்கி விட்டா. காசு போகல. போயிருந்தா உடனே சைபர் க்ரைம் நம்பர் 1930க்கு அடிக்கணும், லேட் பண்ணா பணம் வேற வேற அக்கவுண்ட்டுக்கு மாறி போயிரும்.

கடைசில ஆடிட்டர் ஆபீஸ் பொண்ணு தான் அந்த மூணு நாள் பில்லுக்கு வேற சீரிஸ் போட்டு, பார்ட்டிகிட்ட பழசு வாங்கி புதுசு குடுத்து, 10ம் தேதி ராத்திரி ஏத்திச்சு.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல அந்த சாஃப்ட்வேர் கம்பெனி மேல கம்ப்ளெயிண்ட் பண்ணிருக்கேன். நீங்க பிசினஸ், கன்ஸ்யூமர் இல்லன்னு கம்பெனில மெயில் போடறான். பொழப்புக்காக சொந்தமா தொழில் பண்றவன் வாங்கினா அவனும் நுகர்வோர் தான்னு 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துலயே இருக்கு, அதையே திருப்பி அனுப்பினேன், இதுவர பதில் இல்ல.

இப்ப தெனம் கடை சாத்தறப்ப கணக்க எக்செல்ல எடுத்து பென்டிரைவ்ல போட்டுக்கிறேன். புதுசா வாங்கறவங்க டெமோலயே அந்த எக்செல் வருதான்னு பாத்துட்டு காசு குடுங்க. ஏஎம்சி ரினியூவல் மெசேஜ் மட்டும் இந்த வாரத்துல நாலு தடவ வந்துருச்சு.