பழைய அமெரிக்க வானொலி நாடகங்கள்: தொடரைவிடப் பிரதி முக்கியம்

அமெரிக்க வானொலியின் பொற்கால நாடகங்களும் நகைச்சுவைத் தொடர்களும் இன்று எம்பி3 கோப்புகளாக இணையத்தில் இறைந்து கிடக்கின்றன. ஒரே அத்தியாயத்துக்கு நான்கைந்து பிரதிகள்கூட உண்டு. நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னியின் தொடரில் சிரிக்க ஒன்றுமில்லை என்று ஒதுக்குகிறவர் பெரும்பாலும் மோசமான பிரதியைக் கேட்டிருப்பார். அந்த மனிதரின் நகைச்சுவை தாமதத்தில் இருக்கிறது. 1948 மார்ச் 28 அன்று ஒலிபரப்பான அத்தியாயத்தில் திருடன் “பணமா, உயிரா?” என்று மிரட்டுகிறான். மகா கஞ்சனான பென்னி வாயே திறப்பதில்லை, அரங்கம் சிரிக்கத் தொடங்குகிறது. திருடன் மறுபடி அதட்டிய பிறகுதான் “யோசிச்சுட்டிருக்கேன்!” என்கிறார். இரைச்சலை வழித்தெடுத்த பிரதியில் அந்தச் சிரிப்பு தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பாட்காஸ்ட் செயலியில் மௌனத்தைச் சுருக்கும் வசதி இருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள்.

பிரதியைச் சோதிக்கக் கைதட்டலைக் கேட்டாலே போதும். பிட்ரேட் (விநாடிக்கு எவ்வளவு தரவு என்ற அளவு) குறைந்த கோப்பில் பேச்சு ஓரளவு தாங்கும், கைதட்டலோ மணலைச் சலிப்பதுபோல் கரகரக்கும். மோனோவில் (ஒற்றைத் தட ஒலியில்) பிட்ரேட் 64 கேபிபிஎஸ் இருந்தால் அரைமணி நிகழ்ச்சி சுமார் 14 எம்பி வரும், கேட்க அது தாராளம். 7 எம்பிக்குக் கீழே உள்ளவற்றை வேறு பிரதியே இல்லாதபோது மட்டும் வைத்துக்கொள்ளலாம். பெரிய கோப்பு என்றாலும் நம்பிவிட முடியாது, 32 கேபிபிஎஸ் கோப்பை 128 ஆக ஊதிப் பெருக்கியவை ஏராளம். கைதட்டல் அங்கேயும் காட்டிக்கொடுக்கும்.

அதிகம் தொல்லை தருவது வேகம். அன்றைய பதிவுகளில் பெரும்பாலானவை 16 அங்குல ஒலித்தட்டுகளில் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் வெட்டப்பட்டவை. ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடம், அதனால் அரைமணி நாடகத்துக்கு இரண்டு பக்கம். நடுவில் ஒலியின் தன்மை திடீரென மாறினால் கோப்பைக் குறை சொல்ல வேண்டாம், பக்கம் மாறுகிறது. பின்னாளில் தட்டிலிருந்து நாடாவுக்கும், நாடாவிலிருந்து நாடாவுக்கும் நகலெடுத்தபோதுதான் வேகம் பிசகியது. நடிகர்கள் எல்லாரும் கொஞ்சம் கீச்சென்று பேசினால் அதைச் சந்தேகிக்கலாம்.

சரிசெய்ய ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் போதும். பேச்சில்லாத சில விநாடிகளைத் தேர்ந்து ‘பிளாட் ஸ்பெக்ட்ரம்’ (அதிர்வெண் வரைபடம்) திறந்து, அளவை 65536-இல் வைத்து, 60 ஹெர்ட்ஸ் அருகே முகடு தேடுங்கள். அது அமெரிக்க மின்சாரத்தின் ஹம், அதாவது பதிவில் கலந்துவிட்ட மின் ரீங்காரம். முகடு 62.4-இல் இருந்தால் பதிவு 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது. ‘சேஞ்ச் ஸ்பீட்’ பகுதியில் பெருக்கியாக 0.962 கொடுங்கள். 28:22 நீளமுள்ள கோப்பு 29:30-க்கு வரும், முழு அரைமணி நிகழ்ச்சிக்குப் பொருத்தமான நீளம் அது. ‘சேஞ்ச் டெம்போ’ பக்கம் போகாதீர்கள், அது குரலின் சுருதியை அப்படியே விட்டுவிடும். ஹம் சரியாக 60-இல் இருந்தும் குரல் கீச்சென்றால், அது கடைசியாக நகலெடுத்த கருவியின் ஹம். அப்போது நிகழ்ச்சியின் நீளத்தையும் காதையும் நம்ப வேண்டியதுதான்.

இரைச்சல் நீக்கத்தை 6 டெசிபலோடு நிறுத்திக்கொள்ளலாம். தட்டின் சரசரப்பு பத்து நிமிடத்தில் பழகிவிடும், நீரில் மூழ்கிய குரல் எத்தனை மணிநேரம் கேட்டாலும் பழகாது. திருத்திய கோப்பை மறுபடி எம்பி3 ஆக்கும்போது 64 கேபிபிஎஸுக்குக் கீழே போக வேண்டாம். மூலக் கோப்பையும் அழிக்காதீர்கள்.

அமெரிக்கப் படைவீரர்களுக்கான வானொலிச் சேவையான ஏஎஃப்ஆர்எஸ்-இன் பிரதிகள் தனி ரகம். ஒலி பெரும்பாலும் நன்றாக இருக்கும், ஆனால் விளம்பரங்களை வெட்டி, இடைவெளியை இசையால் நிரப்பியிருப்பார்கள். துப்பறியும் கதையில் அது நஷ்டமே இல்லை. ‘ஃபிபர் மகீ அண்ட் மாலி’ நகைச்சுவைத் தொடரில் நஷ்டம். ஜான்சன் மெழுகு விளம்பரத்தை அறிவிப்பாளர் ஹார்லோ வில்காக்ஸ் கதைக்குள்ளேயே புகுந்து பேசுவார், மகீ அவரைத் தடுக்கப் பார்ப்பதே ஒரு நகைச்சுவை. வெட்டிய பிரதியில் அந்தக் காட்சி அப்படியே காணாமல் போய்விடும். இத்தகைய தொடர்களுக்கு வலைப்பின்னல் பிரதியை, அதாவது வானொலி நிறுவனம் விளம்பரத்தோடு ஒலிபரப்பிய பிரதியைத் தேடுவதுதான் நல்லது.

தேதிக் குழப்பத்துக்கு, ஓல்ட் டைம் ரேடியோ ரிசர்ச்சர்ஸ் குழு இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றியிருக்கும் தொகுப்புகள் நல்ல தொடக்கம். தொடர் தொடங்குமுன் சோதனையாக எடுத்த முன்னோட்டப் பதிவுகளைத் தனிக் கோப்புறையில் போடுங்கள். ‘கன்ஸ்மோக்’ என்ற கௌபாய் தொடர் 1952-இல் வில்லியம் கான்ராட் குரலோடு தொடங்கியது. 1949-இல் வேறு நடிகர்களை வைத்து எடுத்த இரண்டு முன்னோட்டங்களில் நாயகன் பெயரே வேறு: மேட் டில்லனுக்குப் பதில் மார்க் டில்லன். பட்டியலின் முதல் கோப்பு முன்னோட்டம் என்று தெரியாமல் கேட்டால் தொடரைப் பற்றித் தப்பான எண்ணம் வந்துவிடும். கான்ராட் காலத்து அத்தியாயங்களில் காலடிச் சத்தமும் கதவும் குதிரையும் கதை சொல்லும், அதனால் நல்ல ஹெட்போனில் கேட்க ஏற்றவை இவைதான்.

‘யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்’ துப்பறியும் தொடரைக் கேட்பவர்கள் 1955 அக்டோபரிலிருந்து தொடங்கலாம். பாப் பெய்லி நடிக்க, வாரத்துக்கு ஒரு கதை, திங்கள் முதல் வெள்ளி வரை கால்மணிநேர ஐந்து பகுதிகள். கோப்புப் பெயரில் ஆண்டு-மாதம்-நாள் வரிசை இல்லாவிட்டால் ஐந்தாம் பகுதி இரண்டாவதாக ஓடி, குற்றவாளி யாரென்று போட்டுடைத்துவிடும். பெயர்களை 1955-10-03 என்ற வடிவுக்கு மாற்றிவிட்டு, ஐந்து பகுதியும் கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கதையைத் தொடங்குங்கள்.