வெட்டுள்ள டிரான்சமா, முழு உயரச் சுவரும் பிராக்கெட்டுமா? ஆழ்கடல் மீன்பிடிப் படகுக்கான ஒப்பீடு

ஆழ்கடல் மீன்பிடிக்குப் போகும் பழைய ஃபைபர் படகுக்குப் புது எஞ்சின் மாட்ட நினைப்பவர், எந்த எஞ்சின், எத்தனை குதிரைத்திறன் என்பதில்தான் முதலில் மூழ்குகிறார். அந்த எஞ்சின் தொங்கப்போகும் பின்சுவரான டிரான்சத்தைப் பற்றிய பேச்சு, பெரும்பாலும் எஞ்சினுக்கு முன்பணம் கட்டிய பிறகே எழுகிறது. டிரான்சத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அது தாங்கும் எஞ்சினைப் பிறகு தேட வேண்டும் என்பது என் கருத்து. 25 அடிப் படகு ஒன்றின் டிரான்சத்தை முழுவதும் பிரித்துக் கட்டி, படகுக்கு வெளியே தொங்கும் இரட்டை அவுட்போர்டு எஞ்சின்களை, சுவருக்குப் பின்னால் நீட்டிநிற்கும் தாங்கியான பிராக்கெட்டில் ஏற்றி ஓட்டிவரும் அனுபவத்தில் இதை எழுதுகிறேன். ஆகவே என் சாய்வைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: டிரான்சத்தை எப்படியும் பிரித்தாக வேண்டிய நிலையில் உள்ள படகுக்கு, முழு உயரச் சுவரும் அதன் பின்னால் பிராக்கெட்டும்தான் நல்ல வழி.

தேர்வுக்கு மூன்று வடிவங்கள் உள்ளன. முதலாவது, எஞ்சினிலிருந்து ப்ரொபெல்லரை நோக்கி இறங்கும் தண்டான ஷாஃப்ட்டின் நீளத்துக்கேற்ப 20 அல்லது 25 அங்குல உயரம் இருக்குமாறு டிரான்சத்தின் நடுப்பகுதியைத் தாழ வெட்டி, ஏறிவரும் அலைநீரை ஏந்துவதற்கு அதன் உட்புறத்தில் ஒரு தொட்டி அமைக்கும் பழைய முறை. இரண்டாவது, பின்சுவரைப் பக்கச்சுவர்களின் உயரத்துக்கு மூடிவிட்டு, அதற்கு வெளியே போல்ட் செய்த அலுமினியம் அல்லது ஃபைபர் பிராக்கெட்டில் எஞ்சினை மாட்டுவது. மூன்றாவது, எஞ்சின் மேடையும் படகின் உடலும் ஒரே அச்சில் வார்க்கப்படும் யூரோ டிரான்சம். புதுப் படகு வாங்குபவர் மூன்றாவதைத் தயங்காமல் எடுக்கலாம். பழைய படகில் அதை உருவாக்குவது என்றால் அடிப்பாகத்தையே பின்னோக்கி நீட்ட வேண்டும். படகு வடிவமைப்பாளரின் கணக்கு இல்லாமல் தொடக்கூடாத வேலை அது. எனவே மேம்படுத்தும் வேலையைப் பொறுத்தவரை உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும் இடையில்தான்.

எல்லோரும் அறிந்த நன்மை தீமைகளில் நான் அதிகம் நிற்கப்போவதில்லை. முழு உயரச் சுவர் பின்னாலிருந்து எழும் அலையைத் தடுக்கிறது. தொட்டி பிடித்திருந்த இடம் மீன்பிடிக்கும் தளத்துக்குத் திரும்பக் கிடைக்கிறது. எஞ்சின் சத்தமும் சற்றுத் தள்ளிப் போகிறது. வெட்டுள்ள டிரான்சத்தில் எஞ்சின் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது, செலவும் குறைவு. இவற்றை மட்டும் எடைபோட்டால் இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே நிற்கும். முடிவைத் தீர்மானிக்க வேண்டிய விஷயம், டிரான்சத்தின் உள்ளே இருக்கும் மையப்பலகைக்குள் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்பது.

பழைய ஃபைபர் படகுகளில் பெரும்பாலானவற்றின் டிரான்சம், இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே ஒட்டப்பட்ட பிளைவுட்தான். தோல்களும் பலகையும் பிரியாமல் ஒன்றாகச் செயல்படும்வரை அந்தச் சுவர் மிக வலுவானது. பலகை நனைந்து ஒட்டு விட்டுப்போனால், வெளியே பளபளப்பாக இருக்கும் சுவர் உள்ளே வலுவிழந்து, எஞ்சின் தள்ளும்போதெல்லாம் வளையத் தொடங்கும். வளையும் சுவரில் போல்ட் துளைகளின் விளிம்பு தளரும். தளர்ந்த விளிம்பில் இன்னும் நீர் இறங்கும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: கடல்நீரைவிட மழைநீரும் நன்னீர்க் கழுவலுமே மரத்தை விரைவாக மக்கச் செய்கின்றன, ஏனெனில் மரத்தைத் தின்னும் பூஞ்சைகளுக்கு உப்பு அவ்வளவாக ஒத்துவருவதில்லை. ஆகவே கரையில் மூடாமல் நிறுத்தியிருக்கும் படகின் டிரான்சமும் ஆபத்திலிருந்து தப்புவதில்லை.

இந்தக் கண்ணோட்டத்தில் வெட்டுள்ள டிரான்சத்தைப் பாருங்கள். வெட்டின் மேல்விளிம்பில் பிளைவுட்டின் அறுபட்ட முனை இருக்கிறது. அதை மூடுவது ஒரு மெல்லிய அலுமினியப் பட்டையும் அதன் அடியிலுள்ள சீலன்ட்டும் மட்டுமே. எஞ்சினின் கனம் முழுவதும் அந்த விளிம்பில்தான் உட்காருகிறது. எஞ்சினைப் பிடிக்கும் அரை அங்குலப் போல்ட்கள் மையப்பலகையின் ஊடாகவே செல்கின்றன. தொட்டிக்கு வடிகால் துளைகள் வேண்டும். அவற்றின் குழாய்களும் அதே பலகையைத் துளைத்தே வெளியேறுகின்றன. அந்த வடிகாலில் பித்தளைக் குழாயைச் செருகி விளிம்பை மடித்திருப்பார்கள். அந்த மடிப்பு காலப்போக்கில் விரிசல் விடும், விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஒயர்களும் எரிபொருள் குழாயும் நுழையும் துளைகள் தொட்டியின் சுவரில் இருக்கும். இத்தனை துளைகளும் ஒவ்வொரு அலைக்கும், ஒவ்வொரு மழைக்கும் நீர் தேங்கும் இடத்திலேயே அமைந்திருக்கின்றன. சீலன்ட் போட்டு ஒவ்வொன்றையும் சரியாக அடைக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் அத்தனையையும் பல ஆண்டுகளுக்கு நினைவில் வைத்துப் பராமரிக்க வேண்டிய பொறுப்பு உரிமையாளர் தலையில் விழுகிறது.

பிராக்கெட் அமைப்பில் எஞ்சினின் போல்ட்கள் பிராக்கெட்டின் உலோகத்தில் மட்டுமே இறங்குகின்றன. அடுத்து எஞ்சினை மாற்றினாலும், அதன் உயரத்தைக் கூட்டிக் குறைத்தாலும், மையப்பலகையைத் தொட வேண்டியதில்லை. சுவரின் மேல்விளிம்பு ஃபைபரால் முழுவதும் சுற்றி மூடப்படுகிறது. நீர் தேங்க இடமே இல்லை. சுவரில் எஞ்சுபவை பிராக்கெட்டைப் பிடிக்கும் போல்ட் துளைகளும், மேலே ஒயர்கள் நுழையும் ஒரு துளையும்தான்.

எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதத்தையும் சொல்லியாக வேண்டும். பிராக்கெட்டின் கீழ்வரிசைப் போல்ட்கள் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பவை. அதோடு, எஞ்சின் பின்னோக்கித் தள்ளிப்போவதால் அது சுவரில் ஏற்படுத்தும் நெம்புவிசையும் கூடுகிறது. இரண்டும் சரியான எச்சரிக்கைகள். ஆனால் அந்த விசை பிராக்கெட்டின் அகன்ற தட்டு வழியாகச் சுவரின் பெரும்பரப்பில் பரவுகிறது என்பதையும், போல்ட் துளைகளை மரத்தைத் தொடாதவாறு செய்ய முடியும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கான முறை எளிது: தேவையானதைவிடப் பெரிய துளையிட்டு, கெட்டியாகக் குழைத்த எபாக்சிப் பிசினால் அதை நிரப்பி, அது இறுகிய பின் நடுவில் சரியான அளவில் மீண்டும் துளையிட வேண்டும். போல்ட் அப்போது எபாக்சிக் குழாய்க்குள் நிற்கும். சீலன்ட் தோற்றாலும் நீர் பலகையை அடையாது. உட்புறம் வாஷர் மட்டும் போதாது. அகன்ற தாங்குதட்டு வேண்டும். சுவரிலிருந்து படகின் நீளவாட்டுத் தாங்கிகளுக்கு முக்கோண முட்டுகளும் கட்ட வேண்டும். இந்த முட்டுகள் இல்லாமல் பிராக்கெட் மாட்டுவதைவிட, பழைய வெட்டையே வைத்துக்கொள்வது மேல்.

சுவரைப் பிரிக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கச் சில சோதனைகள் உள்ளன. பிளாஸ்டிக் சுத்தியால் சுவர் முழுவதும் தட்டிப் பார்த்தால், நல்ல இடம் கணீரென்றும் கெட்ட இடம் மந்தமாகவும் ஒலிக்கும். எஞ்சினை உயர்த்தி வைத்து, அதன் கீழ்முனையில் உடல் எடையைக் கொடுத்து அழுத்தும்போது, டிரான்சத்தின் மேல்விளிம்பு அசைகிறதா என்று இன்னொருவர் கவனிக்கலாம். ஈரமானி பயனுள்ளதுதான் என்றாலும், உள்ளே உலோகப் பொருத்துகளோ வெளியே செம்பு கலந்த பெயின்டோ இருந்தால் அது பொய்யான அளவு காட்டும். கீழ்ப்பகுதியில் ஒரு போல்ட்டைக் கழற்றி, துளையிலிருந்து வரும் மரத்தூளைக் கையில் எடுத்துப் பார்ப்பதே நான் முழுமையாக நம்பும் சோதனை. தூள் கறுத்து ஈரமாக வந்தால் பேச்சுக்கு இடமில்லை. கழற்றிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டின் நடுப்பகுதியையும் பார்க்க வேண்டும். காற்றுப் படாமல் ஈரத்தில் புதைந்திருக்கும்போது அந்த உலோகமும் அரிக்கும். தலையும் நட்டும் புதிதுபோல் இருக்க, நடுவில் மெலிந்த போல்ட்கள் கிடைப்பதுண்டு.

மறுபடி கட்டும்போது மரத்துக்கே திரும்பலாம். நன்கு அடைத்த மரைன் பிளைவுட் மோசமான பொருள் அல்ல. நான் கண்ணாடியிழை கலந்த பாலியூரிதீன் நுரைப்பலகையைத் தேர்ந்தெடுத்தேன். அது மக்காது, பிளைவுட்டைவிடக் கனம் குறைவு, ஆனால் விலை கணிசமாகக் கூடுதல். டிரான்சத்தை இன்னொரு முறை பிரிக்கும் கூலியை நினைத்தால் அந்த விலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இனி பிராக்கெட்டின் உண்மையான விலையான எடைக்கு வருகிறேன். இன்றைய 300 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கள், மாடலைப் பொறுத்து, சுமார் 230 முதல் 290 கிலோ வரை எடையுள்ளவை. ஒன்று 250 கிலோ என்று கொண்டால் இரண்டுக்கும் 500 கிலோ. அவற்றை 75 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளினால் கூடும் திருப்புவிசை, எடையைத் தொலைவால் பெருக்கினால், 500 × 0.75 = 375. 75 கிலோ எடையுள்ள ஒருவர் இருந்த இடத்திலிருந்து 5 மீட்டர் பின்னால் போய் நிரந்தரமாக நிற்பதற்கு அது சமம். அதனால் படகின் பின்பகுதி தாழும். தளத்து நீர் வெளியேறும் துளைகள் கடல்மட்டத்தை நெருங்கும் அல்லது அதற்குக் கீழே போகும். இதனால்தான், அடியில் திறந்த சட்டம்போல் இருக்கும் பிராக்கெட்டைவிட, மூடிய பெட்டியாகச் செய்த மிதவைப் பிராக்கெட்டையே ஆழ்கடல் படகுக்கு நான் பரிந்துரைக்கிறேன். 200 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டி முழுவதும் மூழ்கினால், கடல்நீரில் அது சுமார் 205 கிலோவைத் தாங்கும். நின்ற நிலையில் பெட்டியின் ஒரு பகுதி மட்டுமே மூழ்கியிருக்கும் என்பதால், முழுக் கணக்கையும் நம்பிவிடக் கூடாது. பேட்டரிகளையும் பனிப்பெட்டியையும் முன்னுக்கு நகர்த்துவது மீதியைச் சரிசெய்ய உதவும். எஞ்சின் வாங்குமுன், அதே எடைக்கு மணல் மூட்டைகளைப் பின்பகுதியில் அடுக்கி நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளலாம். மூட்டைகளைச் சுவருக்கு உள்ளேதான் வைக்க முடியும் என்பதால், உண்மையில் படகு அதைவிடச் சற்றுத் தாழும் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டத்தில் வரும் மாற்றம் கலவையானது. படகின் அடியைவிட்டு வெளியேறும் நீர் பின்னால் போகப்போக மேலெழுவதால், ஒவ்வொரு 10 முதல் 12 அங்குலத் தள்ளலுக்கும் எஞ்சினை ஏறத்தாழ 1 அங்குலம் உயர்த்தலாம். ப்ரொபெல்லருக்குக் கலங்காத நீர் கிடைக்கிறது, கியர் பகுதியின் இழுவையும் குறைகிறது. அதேவேளை, படகு நீர்ப்பரப்பின் மேல் எழுந்து ஓடத் தொடங்க முன்பைவிட நேரம் எடுக்கலாம். படகின் முன்பின் சாய்வைச் சரிசெய்யப் பின்சுவரின் அடியில் பொருத்தும் அசையும் தகடான டிரிம் டேப் இல்லாத படகில், அது கட்டாயத் தேவையாகிவிடும். பிராக்கெட்டோடு டிரிம் டேப்பின் இடம் மோதாதவாறு முன்கூட்டியே வரைந்து பார்ப்பது நல்லது.

மீன்பிடிப்பில் பிராக்கெட்டுக்கு எதிராக ஒரு நேர்மையான குறை உண்டு. தூண்டிலில் மாட்டிய பெரிய மீன் பின்பக்கமாகச் சுற்றும்போது, தூரத்தில் நிற்கும் எஞ்சின்களைக் கடந்து கயிற்றைச் சுற்றிக் கொண்டுவர நீளமான தூண்டில்கோலும் விரைவான கையும் தேவை. வெட்டுள்ள டிரான்சத்தில் எஞ்சின் அருகில் இருப்பதால் இது எளிது. ப்ரொபெல்லரில் கயிறு சிக்கினாலும், எரிபொருள் வடிகட்டியைக் கடலில் மாற்ற நேர்ந்தாலும், பிராக்கெட்டில் இறங்கித்தான் வேலை செய்ய வேண்டும். அலையுள்ள கடலில் அது விரும்பத்தக்கதல்ல. நீரைப் பிரிக்கும் எரிபொருள் வடிகட்டியைச் சுவருக்கு உட்புறமே பொருத்திவிட்டால் இந்தச் சங்கடத்தில் பாதி தீரும்.

அலுமினியப் பிராக்கெட்டுக்கும் பராமரிப்பு உண்டு. பிராக்கெட்டுக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதைக் காக்கும் துத்தநாக அல்லது அலுமினியத் துண்டான அனோடைத் தவறாமல் மாற்ற வேண்டும். செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்டைப் பிராக்கெட்டின்மேல் பூசவே கூடாது. பெட்டியின் சோதனை மூடியைத் திறந்து உள்ளே நீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் இவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். மறுவிற்பனையிலும் இதுவே கைகொடுக்கும் என்று எண்ணுகிறேன், ஏனெனில் விவரமறிந்த வாங்குபவர் முதலில் தட்டிப் பார்ப்பது டிரான்சத்தைத்தான். பிரித்துக் கட்டியபோது எடுத்த படங்கள் இருந்தால் அவருடைய சந்தேகம் தீரும்.

தட்டிப் பார்த்ததில் உறுதியாக இருக்கும், 20 அடிக்குக் குறைவான, ஒற்றை எஞ்சின் படகுக்கு இந்த வேலையை நான் சொல்ல மாட்டேன். எடை பின்னுக்குப் போவதை அவ்வளவு சிறிய படகு தாங்குவது கடினம். அங்கே வெட்டின் உயரத்தை 20 அங்குலத்திலிருந்து 25 ஆக்கி, வடிகால் குழாய்களைப் புதுப்பித்து, போல்ட் துளைகளை எபாக்சியால் காப்பதே போதும். மூன்று எஞ்சின்களைப் பிராக்கெட்டில் ஏற்றுவது பற்றி என் கையனுபவம் எதுவுமில்லை. இரட்டை எஞ்சினுக்கு மேலே சொன்ன கணக்கை அப்படியே அதற்குப் பெருக்கிக்கொள்ளாமல், முட்டுகளின் அளவையும் சுவரின் தடிமனையும் படகு வடிவமைப்பாளரிடம் கணக்கிட்டு வாங்குங்கள்.